பீ.எம்.ஐ. 24 என்றால் நிறை கூடுதலா?

கேள்வி: எனக்கு வயது 45. தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். முன்பு கொழுந்து பறித்தேன். இப்போது சில வருடங்களாகப் பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்கிறேன். உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 54 கிலோ, இடுப்புச் சுற்றளவு 86 சென்ரிமீற்றர். கிளினிக்கில் பீ.எம்.ஐ. 24 என்றும் நிறை கூடுதல் என்றும் கூறினார்கள். கைப்பேசியில் பார்த்தால் 25 வரை சரி என்று இருக்கிறது. எதை நம்புவது? 13 வயது மகளுக்குக் கணக்கிட்டால் 17 வருகிறது. அவள் மெலிந்துவிட்டாளா?

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு தகவல்களும் சரியானவையே. உடற்திணிவுச் சுட்டி எனப்படும் பீ.எம்.ஐ., கிலோவில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண். உங்களுக்கு 54ஐ 2.25ஆல் வகுக்க 24 வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அட்டவணையில் 18.5 முதல் 25க்குள் இருப்பது இயல்பு. ஆனால் ஆசிய மக்களுக்கு ஒரே சுட்டியில் உடற்கொழுப்பு கூடுதலாக இருப்பதும், நீரிழிவும் இருதய நோயும் குறைந்த நிறையிலேயே வருவதும் அறியப்பட்டதால், 23லிருந்தே கவனமெடுக்க வேண்டும் என்று அந்நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. கிளினிக்கில் உங்களுக்குச் சொன்னது இந்த அளவுகோலின்படிதான்.

24 என்ற எண்ணைவிட 86 என்ற எண்ணே என்னை யோசிக்க வைக்கிறது. நிறையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு உடலில் எங்கே சேர்ந்திருக்கிறது என்பவற்றை உடற்திணிவுச் சுட்டி பிரித்துக் காட்டாது. மூட்டை தூக்கும் ஓர் இளைஞருக்கும் உங்களுக்கும் ஒரே சுட்டி வரலாம். கை கால்கள் மெலிந்திருக்க வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது நம்மவரிடையே சாதாரணம், அதனால் ஊராரும் "ஒல்லிதானே" என்று சொல்லிவிடுவார்கள். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கும், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருப்பது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்டு, வயிற்றை உள்ளிழுக்காமல் மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

உங்கள் உயரத்துக்கு 23 என்பது ஏறத்தாழ 52 கிலோ. ஆகவே இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே போதும், அதையும் ஆறு மாதத்தில் மெதுவாகக் குறைக்கலாம். கூடையோடு மலையேறி இறங்கிய காலத்தில் உண்ட அதே அளவு கோதுமை மா ரொட்டியும் அதே தேநீரும் இப்போதும் தொடர்கின்றனவா என்று பாருங்கள். நாளுக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராமைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் விரும்பும் அளவோ ஏறத்தாழ 25 கிராம்தான். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இரவில் ஒரு ரொட்டியைக் குறைத்து, பருப்பு, கீரை, போஞ்சி, கோவா போன்றவற்றைக் கூட்டுங்கள். சம்பல் மட்டும் கறியாகிவிடாது. வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம் விரைவாக நடங்கள். உணவைத் தவிர்ப்பதும், விளம்பரங்களில் வரும் மெலியும் மாத்திரைகளும் வேண்டாம்.

இவற்றைவிட அவசரமானது, வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பிரதேச வைத்தியசாலையில் பார்த்துக்கொள்வது. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால், அல்லது கர்ப்பகாலத்தில் உங்களுக்குச் சீனி கூடியிருந்தால், அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். பெரியவர்களுக்கான 18.5 என்ற எல்லை பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வயதையும் பாலினத்தையும் கொண்டு வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். 13 வயதுப் பெண்பிள்ளைக்கு 17 இயல்பான எல்லைக்குள் அடங்கும். நீங்கள் குறைக்கும் ரொட்டியை அவளுக்கும் குறைக்காதீர்கள்: அவளுக்கு இது வளரும் வயது. சோர்வு, மூச்சிரைப்பு, மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இரத்தச்சோகை உண்டா என்று வைத்தியரிடம் காட்டிப் பாருங்கள்.