கரன்ட் ட்ரையர் வாங்குகிறீர்களா? ஹீட்டரை நிறுத்த இரண்டாவது வழி உண்டா என்று பாருங்கள்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் மகளிர் குழுவாக முருங்கைக் கீரைப் பொடி செய்கிறோம். இதுவரை நிழலில்தான் காய வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிக் கீரை கறுத்துப் போகிறது. 24 தட்டு, 9 கிலோவாட் கரன்ட் ட்ரையருக்கு இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். ஒன்று மற்றதைவிட 30,000 ரூபாய் குறைவு. விலை கூடுதலாகச் சொன்னவர் ‘ஓவர் டெம்பரேச்சர் கட்ஆஃப், ஏர்ஃப்ளோ ஸ்விட்ச், ஃபேஸ் ரிலே’ என்று மூன்றைத் தனியாகப் போட்டிருக்கிறார். குறைத்துச் சொன்னவரிடம் கேட்டால், “டிஜிட்டல் கன்ட்ரோலர்தான் இருக்கிறதே, 55 டிகிரி வைத்தால் 55-இல் தானாகக் கட் ஆகிவிடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எடுத்துக்கொள்ளலாம்” என்கிறார். எதை வாங்குவது?

பதில்: விலை கூடியதை வாங்குங்கள். இல்லையென்றால் குறைத்துச் சொன்னவரிடமே அந்த மூன்றையும் சேர்த்துப் போட்டுப் புது விலை கேளுங்கள். பொருளாகப் பார்த்தால் அவை சில ஆயிரங்களில் முடிகிற சாமான்கள்தான். பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது.

55-இல் கட் ஆகும் என்று அவர் சொல்வது பொய்யில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை அப்படித்தான் நடக்கும். ஆனால் கன்ட்ரோலர் தன் கையால் ஹீட்டரை அணைப்பதில்லை. அது ஒரு கான்டாக்டருக்கோ (காந்தத்தால் இழுபட்டு முனைகளைச் சேர்க்கும் பெரிய ஸ்விட்ச்) எஸ்.எஸ்.ஆருக்கோ (அசையும் பாகம் இல்லாத எலெக்ட்ரானிக் ஸ்விட்ச்) உத்தரவு கொடுக்கிறது. கரன்ட்டை விடுவதும் நிறுத்துவதும் அந்தச் சாமானின் வேலை. ஓயாமல் விழுந்து எழுந்துகொண்டே இருக்கும் கான்டாக்டரின் முனைகள் பொறி பட்டுத் தேய்ந்து, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எஸ்.எஸ்.ஆர். கெட்டாலும் பெரும்பாலும் உள்ளே ஷார்ட் ஆகி, எந்நேரமும் கரன்ட் போகிற நிலையில்தான் நின்றுவிடும். அப்போது டிஸ்பிளேயில் 80, 100, 120 என்று ஏறுவதைக் கன்ட்ரோலர் காட்டிக்கொண்டே இருக்கும்; நிறுத்த அதனிடம் வழியில்லை.

சென்சாரிலும் இதே ஆபத்து உண்டு. ஒயர் அறுந்துபோனால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் கண்டுபிடித்து எர்ரர் காட்டி நின்றுவிடும். ஆனால் தட்டுகளைக் கழுவும்போது சென்சார் அதன் துளையிலிருந்து நழுவி வெளியே தொங்கினால்? அறையின் 32 டிகிரியை அது உண்மையாகவே அளந்து சொல்லும். இன்னும் சூடு ஏறவில்லை என்று கன்ட்ரோலர் ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

குக்கரில் வெயிட் இருக்கும்போதே மூடியில் தனியாக ஒரு சேஃப்டி வால்வும் வைத்திருக்கிறார்களே, அந்தக் கணக்குத்தான் இது. வெயிட் அடைத்துக்கொண்டால் வால்வு தன் பாட்டுக்குத் திறக்க வேண்டும். அதுபோல, சூடு அளவு மீறினால் ஹீட்டரை அணைக்கிற ஓவர் டெம்பரேச்சர் கட்ஆஃபுக்குச் சொந்த சென்சார் வேண்டும், அது அணைப்பதற்குச் சொந்தமாக இன்னொரு கான்டாக்டர் வேண்டும். கொட்டேஷனில் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். சிலர் கன்ட்ரோலரிலேயே இருக்கும் அலாரம் வசதியைக் காட்டி, ‘கட்ஆஃப் உண்டு’ என்று எழுதிவிடுவார்கள். ஒரே சென்சார், ஒரே கான்டாக்டர் என்றால் அது கணக்கில் சேராது. அப்புறம், அது கையால் ரீசெட் செய்கிற வகையாக இருக்க வேண்டும். சூடு தணிந்ததும் தானாகவே திரும்ப ஓடத் தொடங்குகிற வகை, கோளாறை உங்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடும்.

அடுத்தது காற்று. ஃபேன் மோட்டார் சுற்றுகிறது என்பதற்காகக் காற்று ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெல்ட் அறுந்திருக்கலாம், இறக்கை தண்டில் வழுக்கிக்கொண்டிருக்கலாம், வலையில் கீரைச் சருகு அடைத்திருக்கலாம். காற்று நின்றால் சூடு தட்டுப் பக்கம் போகாமல் ஹீட்டரைச் சுற்றியே தேங்கும். தட்டுப் பக்கம் உள்ள சென்சார் 50 என்று காட்டும்போதே ஹீட்டர் செக்கச்செவேல் என்று பழுத்திருக்கும். காய்ந்த முருங்கை இலை எவ்வளவு லேசு என்று உங்களுக்குத் தெரியும். மறுபடி காற்று கிளம்பும்போது நாலு இலை பறந்து அதில் விழுந்தால் போதும். ஏர்ஃப்ளோ ஸ்விட்ச், காற்றின் அழுத்தத்தையே அளந்து, காற்று இல்லையென்றால் ஹீட்டரை ஓடவிடாது. ஃபேன் கான்டாக்டரோடு ஹீட்டரைக் கோத்துவிட்டேன் என்று பேனல் செய்பவர் சொன்னால், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அறுந்த பெல்ட்டை அது கண்டுபிடிக்காது. கட்ஆஃபின் சென்சாரையும் இதே காரணத்துக்காக ஹீட்டரைத் தாண்டியதும் காற்று வெளிவரும் வாயில் வைக்கச் சொல்லுங்கள்.

ஃபேஸ் ரிலே எதற்கு என்பதை மோட்டார் வைத்திருக்கிற விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு ஃபேஸ் போய்விட்டால் ஃபேன் மோட்டார் முக்கி நிற்கும், மிச்ச ஃபேஸில் ஹீட்டர் எரியும். லைனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது ஃபேஸ் மாறினால் ஃபேன் பின்பக்கமாகச் சுற்றும். இரண்டையும் அந்த ரிலே பிடித்துவிடும்.

ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். இந்த மூன்றும் இருந்தாலும் ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மெல்லிசாகப் பரப்பினால் காலையில் ஏற்றிய கீரை பகலிலேயே காய்ந்துவிடும். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்பதை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் இருக்கும் சமுதாய அறிவியல் கல்லூரியில் (முன்பு மனையியல் கல்லூரி) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். மெஷினை இறக்கி, ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணை என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஓட்டிக் காட்டுவது என்றால் சூடு வருவதைக் காட்டுவது மட்டுமில்லை, நிற்பதையும் காட்ட வேண்டும். மெஷின் 55-இல் ஓடும்போது கட்ஆஃப் திருகை 40-க்கு இறக்கச் சொல்லுங்கள். ஹீட்டர் ஒயரில் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரன்ட்டை அளக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள்: 9 கிலோவாட்டுக்கு ஒரு ஃபேஸில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆம்பியர் காட்டியது, மூன்று ஃபேஸிலும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். சில பேனல்களில் காசு மிச்சம் பிடிக்க எஸ்.எஸ்.ஆர். இரண்டு ஃபேஸில் மட்டும் இருக்கும். அணைந்த மாதிரி தெரிந்தாலும் ஹீட்டரில் ஒரு ஃபேஸ் உயிரோடு இருக்கும். அதனால் கட்ஆஃபின் கான்டாக்டர் மூன்றையும் பிரிக்கிறதா என்று அந்த இடத்திலேயே டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கட்ஆஃப் திருகை மேலே ஏற்றினாலும் ரீசெட்டை அமுக்கும்வரை ஹீட்டர் வரக்கூடாது. காற்று உறிஞ்சும் வாயை ஒரு அட்டையால் மூடினால் ஹீட்டர் நிற்க வேண்டும். மெயினை அணைத்துத் திரும்பப் போட்டால், ஸ்டார்ட் பட்டனை அமுக்காமல் மெஷின் தானாகக் கிளம்பக்கூடாது. நம் ஊரில் கரன்ட் போய் வருகிற வேகத்துக்கு இந்த ஒன்று மிக அவசியம். அரை மணி நேர வேலை. இதைச் செய்து காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தில் கடனோடு இணைந்த 35 சதவீத மானியத்துக்கு விண்ணப்பித்தால், இந்தப் பாதுகாப்புச் சாமான்களும் கொட்டேஷனுக்குள்ளேயே இருக்கட்டும். பிறகு தனி பில்லில் கைக்காசு போட்டு வாங்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மதுரை சிம்மக்கல் பக்கம் லாட்ஜுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிறோம். 25 கிலோ கரன்ட் டம்ப்ளர் ட்ரையர், வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கொஞ்ச நாளாக நடுவில் சூடு நின்றுவிடுகிறது. பின்னால் இருக்கும் சிவப்புப் பட்டனை அமுக்கினால் மறுபடி வருகிறது. “தெர்மோஸ்டாட் வீக் ஆகிவிட்டது, டைரக்ட் பண்ணிவிடுகிறேன்” என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. டைரக்ட் என்றால் அந்தத் தடுப்பைத் தாண்டி நேராகக் கரன்ட் கொடுப்பது. அந்தச் சிவப்புப் பட்டன்தான் மேலே நான் சொன்ன கட்ஆஃப், அதாவது இரண்டாவது தடுப்பு. அது விழுகிறது என்றால் உள்ளே எங்கோ சூடு தேங்குகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் மெயினை அணைத்துவிட்டுப் பஞ்சு வலையை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெறும் கையால் தட்டி எடுப்பவர்கள் பலர். நுண்துளைகளில் சோப்புத் தூளும் பஞ்சும் சேர்ந்து பசை மாதிரி படிந்திருக்கும், தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். அப்புறம் வெளிக்காற்றுக் குழாய். ட்ரையரிலிருந்து சுவர் வரைக்கும் கழற்றிப் பாருங்கள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் கழற்றவில்லை என்றால் உள்ளே பஞ்சு மெத்தையே இருக்கும். ஹீட்டர் பெட்டிக்குள்ளும் பஞ்சு சேரும், அதை பிரஷ் வைத்து எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் பட்டன் விழுந்தால் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் தெர்மோஸ்டாட். மாற்றும்போது பழையதில் போட்டிருக்கும் அதே டிகிரி உள்ள பொருளையே வாங்குங்கள். கடையில் அது இல்லை என்று கூடுதல் டிகிரி உள்ளதைப் போட்டால் டைரக்ட் கொடுத்ததற்கு அடுத்த படிதான் அது.

லாட்ஜுகளோடு மசாஜ் நிலையத் துண்டுகளும் எடுக்கிறீர்களா? எடுத்தால் அவற்றைத் தனியாக, சுடுநீரில், கூடுதல் சோப்பில் துவையுங்கள். துண்டில் மிச்சமிருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடு கிளப்பும். தேங்காய் எண்ணெயைவிட நல்லெண்ணெயில் அந்தக் குணம் அதிகம். சூடு ஆறாத துண்டுகளைக் குவித்து மூட்டை கட்டினால் நடுவில் இருக்கும் துணி பல மணி நேரம் கழித்துக்கூடப் புகையும். ட்ரையரில் கடைசியில் ஹீட்டர் இல்லாமல் சுற்றுகிற ஆறவைக்கும் நேரம் இருப்பது இதற்காகத்தான். அவசரத்துக்கு அதைப் பாதியில் நிறுத்தித் துணியை எடுக்கவே கூடாது. எப்போதாவது உள்ளே புகை தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். கதவைத் திறந்தால் காற்று உள்ளே போய் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும்.

கேள்வி: அவனியாபுரத்தில் அப்பளத் தொழில். மழை நாளில் மட்டும் கரன்ட் ட்ரையர் போடுவோம். பல நாள் சும்மா இருந்துவிட்டுப் போடும்போதெல்லாம் ஈ.எல்.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழுகிறது. ஹீட்டர் லைனை மட்டும் அதைத் தாண்டிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஹீட்டர் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இருக்கும் வெள்ளைத் தூள் மெக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை இழுக்கும். சும்மா கிடந்த நாட்களில் முனை வழியாக ஈரம் ஏறி, கரன்ட் குழாய்க்குக் கசிகிறது. ஈ.எல்.சி.பி. சரியாகத்தான் வேலை செய்கிறது. அதைத் தாண்டிக் கொடுத்தால், எர்த் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும், ஈரக் கையோடு தட்டைத் தொடுகிறவர் உடம்பு வழியாக அந்தக் கரன்ட் போகும்.

மெகர் (கரன்ட் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து ஒவ்வொரு ஹீட்டரையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டுவதைக் கழற்றி, மெதுவாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்ப மாட்டலாம். அப்படியும் ஏறவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு முறை வெறும் ட்ரையரைக் கொஞ்ச நேரம் ஓட்டிவந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

கேள்வி: சோழவந்தானில் கொப்பரை காய வைக்க 1,80,000 ரூபாய்க்கு ட்ரையர் வாங்கினேன். நானும் மனைவியும்தான் ஓட்டுகிறோம், உதவிக்கு ஒரு ஆள். எட்டாம் மாதம் சூடு நிற்காமல் ஏறிப் பாதிக் கொப்பரை கருகிவிட்டது. பார்த்தால் கொட்டேஷனில் எழுதியிருந்த கட்ஆஃபே மாட்டவில்லை. விற்றவர், “தொழிலுக்கு வாங்கியது, கன்ஸ்யூமர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள்” என்கிறார்.

பதில்: அவர் பாதியை மட்டும் சொல்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்குகிறது, உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்திருப்பதாலேயே அந்த உரிமை போய்விடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. உங்கள் நிலைமை இதற்குள் வருகிறது. மேலே எழுதிய உசிலம்பட்டிக் குழுவைப் போலப் பலர் சேர்ந்து நடத்தும் இடங்களில் இதில் வாதம் வரலாம். அதனால்தான் அவர்களை முன்கூட்டியே எழுதி வாங்கச் சொன்னேன்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். சொன்ன பொருளை மாட்டாததோடு, என்ன காய வைக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தே விற்ற பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவிலும் இருக்கிறது. கொப்பரைக்காக என்று நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

பேனலைத் திறந்து, கட்ஆஃப் இருக்க வேண்டிய இடம், ஒட்டிப்போன கான்டாக்டர், கருகிய ஒயர் எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன்னால் படம் எடுங்கள். வெளியிலிருந்து ஒரு லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஒட்டிப்போன அந்தக் கான்டாக்டர் ஸ்விட்ச்தான் உங்கள் சாட்சி. இலவசமாகச் சரிசெய்து தருகிறேன் என்று விற்றவரின் ஆள் வந்தாலும், எந்தப் பொருளை எந்த நிலையில் எடுத்துப் போகிறார் என்று எழுதி வாங்காமல் பேனலைக் கொடுத்து அனுப்பாதீர்கள்.