குழந்தையின் ஒற்றைத் தலைவலிக்கு அமினோ அமிலப் பவுடர் கொடுக்கலாமா?

உங்கள் 9 வயது மகளுக்கு மாதம் மூன்று தடவை மண்டையிடி வருகிறது, "மூளைக்கு அமினோ அமிலம் பத்தவில்லை" என்று சொல்லி ஒருவர் பவுடர் டப்பாவைத் தலையில் கட்டப் பார்க்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒருவர் யார் என்று எழுதவில்லை. சொந்தக்காரராகத்தான் இருப்பார். எங்கள் வீட்டில் கொழுந்தனார்.

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கீழே வந்து யாரும் சண்டைக்கு நிற்க வேண்டாம். திருமங்கலத்தில் ஒரு லேபில் 14 வருடமாக டெக்னீஷியன். பையனுக்கு மைக்ரேன் என்று தெரிந்த பிறகு படித்ததும், பட்டதும்தான் இங்கே எழுதுவது.

அவனுக்கு முதன்முதலில் வந்தது அழகர் ஆற்றில் இறங்கிய அன்று. 8 வயது. முந்தின நாள் தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்துவிட்டு செல்லூரில் நாத்தனார் வீட்டு மாடியில் படுத்தோம், படுத்தோம் என்றுதான் பேர், யார் தூங்கினார்கள். விடியற்காலையில் ஆற்றுக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கி, சாமி பார்த்துத் திரும்பும்போது மணி ஒன்பது, வயிற்றில் ஒரு டம்ளர் பானகம் மட்டும். கோரிப்பாளையம் பக்கம் வரும்போது பையன் என் முந்தானையை இழுத்து முகத்தில் போர்த்திக்கொண்டான். வெயிலுக்கு என்று நினைத்தேன். "அம்மா, அந்தக் கொட்டை நிறுத்தச் சொல்லு" என்றான். கொட்டு எங்கோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. உதடு வெளுத்து, வயிறு வலிக்குது என்று ரோட்டோரமே வாந்தி எடுத்தான். வீட்டில் இருட்டறையில் மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி "இட்லி இருக்கா" என்று கேட்டான். அவன் அப்பத்தா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டிருந்தார், அதில்தான் சரியானது என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும், அதற்குக் காசு கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு இப்படித்தான் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. பேர்தான் ஒற்றைத் தலைவலி, சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நெற்றி முழுக்க, இரண்டு பொட்டிலும் வலிக்கும், சில நேரம் இரண்டு மணி நேரத்திலேயே அடங்கியும் விடும். வயிற்று வலியும் வாந்தியும் முன்னால் நிற்பதால் நாங்கள் பூச்சி மருந்து கொடுத்தோம், கண் டெஸ்ட் எடுத்தோம், ஆறு மாதம் போனது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் "டெஸ்ட் இருக்கிற அன்னைக்கு மட்டும் கரெக்டா வருதே" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு வந்து படுத்தவன் வலியை என்னிடமே மறைக்க ஆரம்பித்தான்.

இந்த நேரத்தில்தான் கொழுந்தனார் டப்பாவோடு வந்தார். "மதினி, இது மூளைக்கு நேராப் போற அமினோ ஆசிட்." விலை 2,850 ரூபாய். சங்கிலி வியாபாரம், அவருக்குக் கீழே ஆள் சேர்க்க வேண்டும், அது வேறு. நான் லேபில் இருக்கிறவள், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டேன். "ரத்தம் எடுக்கிற பொண்ணுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது" என்று என் வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் சுலபம். புரதம் உடைந்து கிடைக்கும் துண்டுதான் அமினோ அமிலம், அதற்கும் மைக்ரேனுக்கும் தொடர்பு இருக்கிறது. ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தில் இருந்துதான் உடம்பு செரட்டோனின் செய்கிறது, நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல உதவும் பொருள் அது. 1961லேயே இத்தாலியில் சிக்குட்டேரி என்பவர், வலி வரும் நேரத்தில் செரட்டோனினின் கழிவு சிறுநீரில் கூடுவதைக் காட்டினார். ஆனால் நாம் சாப்பிடும் ட்ரிப்டோஃபானில் கொஞ்சூண்டுதான் செரட்டோனின் ஆகிறது, 90 சதவீதத்துக்கு மேல் கைனுரெனின் என்ற வேறு பாதையில் போகிறது. அந்தப் பாதையில் பிறக்கும் ஒரு பொருள் நரம்பைக் கிளப்பிவிடும், இன்னொன்று அடக்கும். அடுத்து குளூட்டமேட், அதுவும் அமினோ அமிலம்தான், மூளையில் உசுப்பிவிடும் வேலை அதற்கு. 1944இல் லியாவ் என்ற பிரேசில்காரர் கண்ட, மூளை மேற்பரப்பில் மெதுவாகப் பரவும் ஒரு மின் அலை இருக்கிறது, வலிக்கு முன் கண்ணில் பூச்சி பறப்பது, கோடு ஓடுவது எல்லாம் அதனால்தான் என்கிறார்கள். அந்த அலைக்கும் குளூட்டமேட்டுக்கும் சம்பந்தம் உண்டு.

சரி, அப்படியானால் பவுடர் கொடுத்தால் என்ன? மாட்டுத்தாவணியில் தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஏறியிருக்கிறீர்களா? ஒரே படிக்கட்டு. மூளைக்குள் போக ட்ரிப்டோஃபானுக்கும் லூசின், ஐசோலூசின், வேலின் என்ற வேறு மூன்று அமினோ அமிலங்களுக்கும் அந்த ஒரே படிக்கட்டுதான். டப்பாவின் பின்னால் எதை அதிகம் போட்டிருக்கிறோம் என்று பெருமையாக அச்சடித்திருந்தார்களோ அது இந்த மூன்றையும்தான். கீழே நிற்கிற ட்ரிப்டோஃபான் கீழேயே நிற்கும். சரி, செரட்டோனினுக்கு முந்தின பொருளான 5 ஹைட்ராக்ஸி ட்ரிப்டோஃபானையே நேராகக் கொடுத்தால்? 1980களிலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்தா வாங்கினாய் என்று கேட்பீர்கள். அப்போது பாதிதான் தெரியும், வீட்டில் சண்டை வேண்டாம் என்றும் வாங்கினேன். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். பள்ளிக்கூடத்தில் 7:30 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ், யாரைக் கேட்டு வைக்கிறார்கள், பெற்றோர் கூட்டத்தில் கேட்டால் "மத்த பேரண்ட்ஸ் விரும்புறாங்க" என்கிறார்கள், நானும் பேரண்ட்தானே. அந்த அவசரத்தில் இட்லிக்குப் பதில் பவுடரைப் பாலில் கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். மாதம் இரண்டாக இருந்தது நான்கானது.

அப்புறம் எனக்கே வெறி வந்து அமினோ அமில டெஸ்ட்டும் எடுத்தேன். எங்கள் லேபில் கிடையாது, சென்னைக்கு அனுப்ப வேண்டும். வெறும் வயிற்றில் பச்சை மூடி ட்யூபில் நானே எடுத்தேன், அவன் அழவில்லை. ரிப்போர்ட்டில் எல்லாம் எல்லைக்குள், குளூட்டமேட் மட்டும் அதிகம், குளூட்டமின் குறைவு. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடிகிற நேரத்தில்தான் உறைத்தது: எடுத்த அன்று கரண்ட் போய், ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷின் ஒன்றரை மணி நேரம் ஓடவில்லை. ரத்தத்தை உடனே சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் ட்யூபுக்குள்ளேயே குளூட்டமின் உடைந்து குளூட்டமேட் கூடும். 14 வருடம் வேலை பார்க்கிறவள், என் பிள்ளை என்றதும் அதை மறந்துவிட்டேன்.

அந்த டெஸ்ட் வேண்டாத டெஸ்ட் என்று சொல்லவில்லை. கறி, முட்டை, பருப்பு என்று புரதம் சாப்பிட்ட பிறகு வாந்தியும் அரைமயக்கமும் வருகிற பிள்ளைக்கு ரத்த அம்மோனியா டெஸ்ட்டோடு சேர்த்து டாக்டரே எழுதிக் கொடுப்பார். புரதத்தை உடம்பு சமாளிக்க முடியாத பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் அது, மைக்ரேனுக்கு இல்லை.

கடைசியில் பிள்ளைகள் நரம்பு டாக்டரிடம் போனோம். ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுறான்?" என்றார். எனக்கு வாய் திறக்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டு வலி வந்த நேரம், தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம் எழுதச் சொன்னார். வலி தொடங்கியதுமே எடைக்குத் தக்க பாரசிட்டமால், இருட்டறை, தூக்கம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது என்றார். தினசரி மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு அது சப்பென்று இருந்தது, டாக்டர் ஒன்றுமே எழுதித் தரவில்லையே என்று. பிறகு படித்தேன், அமெரிக்காவில் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலினில் 52 சதவீதம், டோபிராமேட்டில் 55, மாவு மாத்திரையில் 61. பவுடர் குடித்து "சரியாப்போச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை என்பதும் எனக்கு அதில்தான் புரிந்தது.

ஸ்பெஷல் கிளாஸுக்கு டாக்டர் கடிதம் கொடுத்து நிறுத்தினோம். ஏழரைக்கு இட்லி, ஒன்பதரைக்குப் படுக்கை, பையில் தண்ணீர். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது, முழுதாக நிற்கவில்லை. போன சித்திரைக்கு எதிர்சேவை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம், அவனுக்குக் கோபம்தான்.

உங்கள் மகள் வலியால் ராத்திரித் தூக்கத்தில் இருந்து எழுந்தாலோ, தினமும் விடிந்ததும் வாந்தி எடுத்தாலோ, நடை தடுமாறினாலோ, பார்வை ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ இந்தப் பதிலை மூடிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி இல்லையென்றால் பவுடரை வாங்காதீர்கள். வலி எத்தனை மணிக்கு வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. காலை பதினொன்று, பன்னிரண்டு வாக்கிலா? அதையும், காலையில் என்ன சாப்பிட்டுப் போகிறாள் என்பதையும் கீழே எழுதுங்கள்.