ஒரு நிறுவனத்திலிருந்து என் விவரங்கள் கசிந்துவிட்டன. வழக்குப் போட்டால் இழப்பீடு கிடைக்குமா?

கிடைக்கலாம். ஆனால் 250 கோடி அபராதம் என்று செய்தியில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்றால், அதை மறந்துவிடுங்கள். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது உச்சவரம்பு. வசூலானாலும் அரசு கஜானாவுக்குத்தான் போகும், நமக்கு ஒரு பைசா வராது.

என் கதை வேறு. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் இருக்கும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். பாலிசி எண், ஆஸ்பத்திரி பெயர், கிளெய்மில் பிடித்துக்கொண்ட 11,400 ரூபாய் வரை ஒப்பித்தான். (அந்தப் பிடித்தமே அநியாயம். கையுறைக்கும் பஞ்சுக்கும் பாலிசியில் பணம் கிடையாதாம்.) பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றான். ஓடிபி சொன்னேன். 46,000 போய்விட்டது.

படித்தவள் ஓடிபி சொல்லலாமா என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த தொகையை ஒருவன் பைசா சுத்தமாகச் சொன்னால் நீங்களும் நம்புவீர்கள்.

உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்ததில் 9,000 முடக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வங்கி கைவிரித்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தப்பு வங்கியிடமும் இல்லை நம்மிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டம் இல்லை. ஓடிபி கொடுத்தால் கதை மாறிவிடும்.

அப்புறம் இரண்டு வாரம் கழித்து காப்பீட்டு நிறுவனமே ஒரு மெயில் அனுப்பியது: சில வாடிக்கையாளர்களின் விவரங்களை வெளியார் பார்த்திருக்கலாமாம். அந்த மெயில்தான் என் வழக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சேவைக்கு நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஐந்து வாய்தா. மூன்றுக்கு அவர்கள் வக்கீல் வரவே இல்லை. கடைசியில் சமரசம், 30,000. இன்னும் இழுத்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்கிறார்கள். எனக்கு லீவு தீர்ந்துவிட்டது.

மருத்துவ விவரம் என்பதால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவின்படி (விவரத்தைக் காக்கத் தவறிய நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்கிற பிரிவு) மாநில ஐடி துறைச் செயலாளரிடமும் போயிருக்கலாம். 5 கோடி வரையிலான கோரிக்கையை அவர் விசாரிக்கலாம். முதலில் சொன்ன 2023 சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. நாம் பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 வரை அபராதம் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு விவரம் மட்டும் போனதா, பணமும் போனதா என்று நீங்கள் சொல்லவில்லை. பணம் போகவில்லை என்றால் நஷ்டத்தைக் காட்டுவது கஷ்டம். எதுவானாலும் அவர்கள் அனுப்பிய மெயிலை அழிக்காதீர்கள், தேதியையும் பாருங்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு வருடம்தான்.