வைல்ட்கேட் தோட்டா கேள்வி பதில்: கழுத்தை அளந்துவிட்டுக் கேளுங்கள்

கடலூர் முதுநகரில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் லேத்தின் முன் நின்றுவிட்டு, இப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓய்வில் இருக்கிறேன். வெளிநாடுகளில் உரிமத்துடன் சுடும் நம் ஊர்க்காரர்கள் வைல்ட்கேட் தோட்டாக்களைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்த ஆலையும் தரப்படுத்தி விற்காத, ஏற்கெனவே உள்ள பித்தளை உறையின் கழுத்தை (குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதி) சுருக்கியோ தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் இடம்) மாற்றியோ ஆர்வலர்கள் தாமே உருவாக்கிக்கொள்ளும் தோட்டாவுக்குத்தான் அந்தப் பெயர். பெயர்களில் வரும் .20, .22 போன்ற எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பவை.

சிட்னியில் வாழும் நெல்லிக்குப்பத்துக்காரர்: ஐயா, பி வகை உரிமம் உள்ளது. முயலுக்கும் நரிக்கும் 250 மீட்டர் வரை பயன்படும்படி ஒரு துப்பாக்கி செய்யவிருக்கிறேன். போல்ட் முகம் .223 அளவினது. .20 பிராக்டிகல், .20 டாக்டிகல், .22-250 ஆக்லி இம்ப்ரூவ்டு ஆகிய மூன்றில் எதைத் தேர்வது?

மூன்றாவது, ஆக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கலைஞர் வழியில் தோளை நிமிர்த்திய உறை. அதை உங்கள் போல்ட் முகமே, அதாவது உறையின் அடியைத் தாங்கும் போல்ட்டின் முன்பக்கமே, தள்ளிவிடுகிறது. .22-250 உறையின் அடிப்பகுதி பெரியது. அதற்கு வேறு போல்ட் வேண்டும். எஞ்சிய இரண்டில் என் கை பிராக்டிகலின் பக்கமே சாய்கிறது. அதன் உடலும் தோளும் அப்படியே .223 ரெமிங்டனுடையவை, கழுத்தை மட்டும் .20 அளவுக்குச் சுருக்கினால் உறை தயார். டாக்டிகலுக்குத் தோளின் கோணம் 30 பாகையாக மாறுவதால், உறையை அறைக்குள் (குழலின் பின்புறம் தோட்டா அமரும் இடம்) ஒருமுறை சுட்டு வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை கூடுகிறது. அந்த உழைப்புக்கு ஈடாக முயலுக்குத் தெரியும்படியான வேறுபாடு எதையும் நான் கண்டதில்லை.

2004இல் வந்த .204 ரூகர் கடையிலேயே கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விடை பித்தளையில் இருக்கிறது. .223 உறை எங்கும் மலிவாகக் கிடைக்கும்; .204 உறை அப்படியன்று. குண்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. 40 கிரெயின் எடையுள்ள .20 குண்டு, 55 கிரெயின் .22 குண்டைக் காட்டிலும் காற்றைச் சற்றே நன்றாகக் கிழித்துச் செல்கிறது. ஹார்னடி ஆலையின் வி-மேக்ஸ் குண்டு வரிசையில் எடுத்துக்கொண்டால், காற்றை எதிர்த்து வேகத்தைக் காக்கும் திறனைச் சொல்லும் காற்றுக்கெழு முன்னதற்கு .275, பின்னதற்கு .255. பின்னுதைப்பும் குறைவு என்பதால், குண்டு பட்டதைத் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பார்க்கலாம். தவறிய குண்டு எங்கே விழுந்தது என்பதும் தெரியும். அடுத்த குண்டைத் திருத்திச் சுட அதுவே ஆசான்.

இனி என் பழைய பல்லவி. கழுத்தைச் சுருக்கும்போது பித்தளை எங்கும் மறைந்துவிடுவதில்லை, சுவர் தடித்துக்கொள்கிறது. குண்டின் விட்டம் .204 அங்குலம், கழுத்துச் சுவர் இருபுறமும் தலா .0125 என்றால், நிரப்பிய தோட்டாவின் கழுத்து .229 ஆகும். அறையின் கழுத்து .233 என்றால் .004 இடைவெளி இருக்கும், அது போதும். வேறொரு ஆலையின் உறையில் சுவர் .014ஆகத் தடித்துவிட்டால் தோட்டாவின் கழுத்து .232 ஆகிவிடும். எஞ்சுவது .001. சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க இடமின்றி அழுத்தம் எகிறும். வெடிமருந்தின் அளவு சரியாக இருந்தும் போல்ட் இறுகிப்போன துப்பாக்கிகள் சில என் மேசைக்கு வந்ததற்கு இதுவே காரணம். அறையை வெட்டும் கருவியான ரீமரை வாங்கும்போதே அதன் கழுத்து அளவைக் கேட்டு எழுதிவையுங்கள்; உறையின் தொகுதி மாறும்போதெல்லாம் மீண்டும் அளந்து பாருங்கள்.

பண்ருட்டி வாசகர்: காட்டுப்பன்றிகள் வேர்க்கடலையைக் கிளறி நாசம் செய்கின்றன. இதற்கு எந்த வைல்ட்கேட் ஏற்றது?

எதுவும் ஏற்றதன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிய அனுமதியின்றி நீங்கள் பன்றியைச் சுட முடியாது. வனத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

சிப்காட் பகுதி லேத் பட்டறைக்காரர்: எங்களிடம் நல்ல லேத் இருக்கிறது. குழலை நாங்களே கடைந்து பார்க்கலாமா?

கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது குற்றம். தோட்டா நிரப்புவதும் அதில் அடங்கும். உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் கூடாது.

பெர்த்தில் பணிபுரியும் குறிஞ்சிப்பாடிக்காரர்: ஆக்லி இம்ப்ரூவ்டு என்று தோளை 40 பாகைக்கு நிமிர்த்தினால் வேகம் வெகுவாகக் கூடுகிறது என்கிறார்களே?

வெகுவாகக் கூடாது. அழுத்தம் மாறாதிருக்க, உறையின் கொள்ளளவு கூடும் விழுக்காட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வேகத்தில் கூடும். கொள்ளளவு 8 விழுக்காடு கூடினால் வேகம் 2 விழுக்காடு கூடும். வினாடிக்கு 3,200 அடி என்றால் அது 64 அடி. அதற்கு மேல் கிடைத்ததாக ஒருவர் சொன்னால், அவர் அழுத்தத்தையும் கூட்டியிருக்கிறார் என்று பொருள்.

அவரே மீண்டும்: கூட்டினால் என்ன? பக்கச் சரிவு குறைந்த உறை அறைச்சுவரைப் பற்றிக்கொள்வதால் போல்ட்டின் மீதான உந்துதல் குறையும் என்று ஆக்லியே நிறுவிக் காட்டினாரே!

இடையில் புகுந்த வில்லியனூர்க்காரர்: அவர் சொல்வதும் சரிதானே, ஐயா? போல்ட்டைத் தாங்கிப் பிடிக்கும் பூட்டுத் துண்டைக் கழற்றிவிட்டே சுட்டுக் காட்டினாராமே.

சுட்டுக் காட்டியது உண்மை. 1894 மாதிரி வின்செஸ்டரில் .30-30 இம்ப்ரூவ்டு உறையை வைத்து அவர் அந்தச் சோதனையைச் செய்தார். எண்ணெய்ப்பசை இல்லாத அறையில், மிதமான அழுத்தத்தில், உறை சுவரைப் பற்றி நிற்கும் என்பது அதில் தெளிவானது. ஆனால் அது தெளிவாக்கியது அவ்வளவே. அறையில் சிறிது எண்ணெய் இருந்தாலும் மழை ஈரம் புகுந்தாலும் அந்தப் பிடி நழுவி முழுச் சுமையும் போல்ட்டின் மீது இறங்கும். சுட்டு முடித்துக் குழலைத் துடைக்கும்போது அறையில் எண்ணெய் விடாதவர் யார்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பக்கம் சரிந்த உறையில் அழுத்தம் மிகும்போது போல்ட் கைப்பிடி கனத்து எச்சரிக்கும். நிமிர்ந்த உறையோ எளிதாக வெளியே வந்துவிடுவதால் அந்த எச்சரிக்கை தாமதமாகவே கிடைக்கும். அது கிடைக்கும்போது நீங்கள் எல்லையைக் கடந்து நெடுந்தொலைவு வந்திருப்பீர்கள். ஆகவே போல்ட் உந்துதல் குறைவதைப் பாதுகாப்பின் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மருந்தாக மாற்றிச் செலவழிக்காதீர்கள்.

ஆக்லியின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அறையின் ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட் முகத்திலிருந்து தோட்டா முட்டி நிற்கும் இடம் வரையுள்ள தொலைவை, தாய்த் தோட்டாவினதைவிட .004 அங்குலம் குறைத்து வெட்டினால், ஆலைத் தோட்டா கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறுக அமர்ந்து, சுட்ட மாத்திரத்தில் புதிய வடிவம் பெறும். அவசரத்துக்குக் கடைத் தோட்டாவும் சுடலாம். உறை நீள்வதும் குறையும். இவ்விரண்டுக்காக மட்டும் ஆக்லி அறை வெட்டச் சொன்னால் நானே வெட்டித் தந்திருப்பேன்.

பெர்த் நண்பர் மூன்றாம் முறை: என் துப்பாக்கியில் 200 அடி கூடியிருக்கிறதே!

சுட்ட உறைகளின் அடியில் உள்ள பிரைமர்களை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகள்) படம் எடுத்து அனுப்புங்கள். கழுத்தை அளந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். அதுவரை அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள்.

முத்தியால்பேட்டை மாணவர்: வைல்ட்கேட் எதுவும் பின்னர் ஆலைத் தோட்டாவாக மாறியதுண்டா?

பல உண்டு. .22-250 என்பது 1915ஆம் ஆண்டின் .250-3000 சாவேஜ் உறையின் கழுத்தைச் சுருக்கி 1930களில் ஆர்வலர்கள் உருவாக்கியது. 1965இல் ரெமிங்டன் அதைத் தரப்படுத்தியது. நான்கு ஆண்டுகள் கழித்து .25-06க்கும் அதே பேறு வாய்த்தது. எவர் கூட்டினாலும் பலருக்குப் பிடித்துப்போனால் தெருவே அந்தக் குழம்பை வைக்கத் தொடங்கிவிடும் அல்லவா, அதைப் போலத்தான்.

லியோனில் இருக்கும் புதுச்சேரிக்காரர்: நரிக்காக இங்கே ஒரு வைல்ட்கேட் செய்துகொள்ளலாமா?

துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் அளவும் சோதனையும் வகுக்கும் பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.யில் பிரான்ஸ் உறுப்பு நாடு. விற்பனைக்கு வரும் துப்பாக்கி சோதனை முத்திரை பெற வேண்டும். அளவுப் பட்டியலில் இல்லாத அறையுடன் சேந்த்-எத்தியேன் சோதனை நிலையத்தின் வாசலில் அலைவதைவிட, .223ஓ .22-250ஓ வாங்கிக்கொள்வது அறிவுடைமை.

மெல்போர்ன் வாசகர்: எல்லாவற்றிலும் வேகமானது எது?

இதே கேள்வி இன்று நான்காம் முறையாக வருகிறது. வேகம்தான் வேண்டுமென்றால் 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் உங்கள் தாத்தா காலத்திலேயே வினாடிக்கு 4,000 அடியைத் தாண்டிவிட்டது. துளை சிறிய குழலில் மிகுதியாக மருந்தெரித்தால், அறையை அடுத்துக் குழல் தொடங்கும் தொண்டை விரைவில் அரித்துப்போகும். முயல் மேட்டில் ஒரு மணி நேரத்தில் 50 தோட்டா சுடுபவருக்கு அது கட்டுப்படியாகாது.

அவரது நண்பர்: .17 வைல்ட்கேட்?

துளை அவ்வளவு சிறியதானால் சீக்கிரம் அழுக்கேறும்; சுத்தம் செய்வதில் விருப்பமுள்ளவருக்கு ஏற்றது.

நெல்லிக்குப்பத்துக்காரர் மீண்டும்: .20 பிராக்டிகலையே முடிவு செய்துவிட்டேன், ஐயா. குழலின் முறுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

32 முதல் 40 கிரெயின் வரையுள்ள குண்டுகளுக்கு, குண்டைச் சுழலவைக்கும் உட்புறத் திருகுவரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். அதைவிடக் கனமான குண்டை நாடினால் இன்னும் விரைவான முறுக்குத் தேவைப்படும். அதைக் குழலுக்குச் சொல்லும்போதே முடிவு செய்துவிட வேண்டும். குழலின் மேல் .20 பிராக்டிகல் என்று பொறிக்கச் சொல்லுங்கள், தம்பி. உறையின் அடியில் .223 என்றே இருக்கும். உங்களுக்குப் பின் அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுப்பவருக்கு வேறு அடையாளம் இராது. ரீமரின் கழுத்து அளவையும் அதே இடத்தில் பொறித்துவிடுங்கள்.