பன்னாட்டுப் படிப்பை எங்கே தொடங்குவது?

கேள்வி: என் மகள் இங்குள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவு படிக்கிறாள். பன்னாட்டு விவகாரங்களையும் பிற நாட்டுப் பண்பாடுகளையும்தான் கல்லூரியில் படிப்பேன் என்கிறாள். உறவினர்களோ வணிகவியலில் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். தில்லியில் அவளை எதில் சேர்ப்பது?
– வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: இளங்கலையில் ‘பன்னாட்டு உறவுகள்’ என்ற பெயருள்ள பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். இத்துறையில் பெயர்பெற்ற ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பன்னாட்டுக் கல்விப் புலம், 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-இல் அப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அந்தப் புலத்தில் நடப்பவை முதுகலையும் முனைவர் பட்ட ஆய்வும்தான். எனவே அதற்கு முந்தைய ஆண்டுகளில் எதைப் படிப்பது என்பதே உங்கள் முன்னுள்ள கேள்வி.

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் அரசியல் அறிவியல் சிறப்புப் பட்டம் (ஆனர்ஸ்) படித்தால் அதற்குள்ளேயே பன்னாட்டு உறவுகளுக்கான தாள்கள் இருக்கும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீனம், ஜப்பானியம், கொரியம், பாரசீகம், அரபு, ருஷ்யம் போன்ற மொழிகளை முதல் எழுத்திலிருந்து கற்பித்து, அம்மொழி பேசுவோரின் வரலாற்றையும் இலக்கியத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் இளங்கலைப் படிப்புகள் உள்ளன. இரண்டிற்கும் சேர்க்கை, பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் வழியாகத்தான். நான் மொழியின் பக்கம் நிற்கிறேன். பன்னாட்டு உறவுகளின் கோட்பாடுகளை முதுகலையில் படித்துக்கொள்ளலாம். ஆனால் சீன எழுத்துகளோடு நாள்தோறும் மல்லுக்கட்டுவதற்கான பொழுது, வேலையும் குடும்பமும் வந்தபின் எவருக்கும் வாய்ப்பதில்லை. பிரெஞ்சும் ஜெர்மனும்தான் விருப்பமென்றால், லோதி எஸ்டேட்டில் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸும் கஸ்தூர்பா காந்தி மார்க்கில் ஜெர்மன் கற்பிக்கும் மாக்ஸ் முல்லர் பவனும் இருக்கின்றன. வேறு பட்டம் படித்துக்கொண்டே அவற்றில் சேரலாம். வெளியே எளிதில் கிடைக்காத மொழிக்கே கல்லூரி ஆண்டுகளைக் கொடுப்பது நல்லது.

தமிழை அவள் விட்டுவிடக் கூடாது என்றும் சொல்வேன். இதைப் பாசத்தால் சொல்லவில்லை. இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு அங்கேயே குடியுரிமை வழங்கவும் 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதன் ஆங்கிலப் பிரதியை யாரும் படித்துவிடலாம். யாருடைய வாழ்வை அது புரட்டிப் போட்டதோ அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் பேசியதும் பாடியதும் எழுதியதும் தமிழில் இருக்கின்றன. அவற்றை மொழிபெயர்ப்பாளரின் தயவின்றிப் படிக்கக்கூடிய ஆய்வாளருக்குத் தனி மதிப்புண்டு. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரைப் பற்றிய ஆய்வுக்கும் இது பொருந்தும்.

வேலையைப் பற்றி உறவினர்கள் கவலைப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அரசியல் அறிவியல் இளங்கலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரடியாக வேலை தேடுவது கடினம். ஆனால் நொய்டாவில் சாம்சங்கும் குருகிராமில் சுசுகியும் இருக்கும் இந்த வட்டாரத்தில், கொரியமோ ஜப்பானியமோ நன்கு தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்புப் பணியாவது கிடைக்கும். மேற்படிப்புக்கு அது கைகொடுக்கும்.

கேள்வி: இந்திய வெளியுறவுப் பணியில் சேரப் பன்னாட்டு உறவுகளில் பட்டம் கட்டாயமா?
– மாணவர், மயூர் விஹார்

பதில்: இல்லை. 21 வயது நிறைந்து, ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் குடிமைப் பணித் தேர்வை எழுதலாம். வெளியுறவுப் பணிக்கு அதுவே வாசல். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, வெளியுறவுப் பணியில் சேர்ந்து பின்னர் வெளியுறவு அமைச்சருமான எஸ். ஜெய்சங்கர் இளங்கலையில் படித்தது வேதியியல். பன்னாட்டு உறவுகளுக்கு அதன் பின்னரே வந்தார். பணியில் சேர்ந்தவர்களுக்கு ஓர் அயல்மொழியை ஒதுக்கி அரசே கற்பிக்கிறது. தேர்வின் விருப்பப் பாடங்களில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்து ஒரு பாடமாக இருப்பதால், அப்பட்டம் பெற்றவர்களுக்கு அந்தத் தாள்களில் சற்று முன்னிலை கிடைக்கலாம். தமிழ் இலக்கியமும் அதே பட்டியலில் இருக்கிறது.