“இரவு செபம் சண்டையில் முடிகிறது அக்கா!” – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தினமும் இரவு எட்டரைக்குச் செபமாலைக்கு உட்காருகிறோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் கைபேசியை விட்டு வரமாட்டான். ஆறு வயது மகள் மூன்றாவது பத்து மணிக்குள் (பத்து முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும் சுற்று) தூங்கி விழுகிறாள். கணவர் அதட்டுவார், மாமியார் முணுமுணுப்பார், கடைசியில் அடியும் அழுகையுமாக முடியும். பேசாமல் வீட்டுச் செபத்தை நிறுத்திவிடலாமா அக்கா? – ஒரு வாசகி, மணப்பாடு

பதில்: நிறுத்த வேண்டாம் தங்கச்சி. நேரத்தை மாற்றுங்கள், நீளத்தைக் குறையுங்கள். டியூஷன் முடிந்து, சாப்பிட்டு, கண் சொருகும் நேரத்தில் ஆறு வயதுப் பிள்ளையை முழங்கால் போடச் சொன்னால் அது எப்படிச் செபிக்கும்?

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே செபம். பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன் உட்காருவோம். சிலுவை அடையாளம், அன்றைய மறையுண்மைகளில் (இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகள்) ஒன்று, ஒரே ஒரு பத்து மணி, அப்புறம் ஆளுக்கொரு வேண்டுதல் கருத்து. பருப்பு வெந்து இறங்குவதற்குள் செபமும் முடிந்துவிடும். ஐந்து பத்து மணியும் சொல்லி மன்றாட்டு மாலையும் சேர்த்தால் அரை மணி நேரம் ஆகும். பெரியவர்களுக்கு அது சுகம், பிள்ளைகளுக்கு அது மலை. உங்கள் அத்தை வருத்தப்படுவார், தெரியும். பிள்ளைகள் எழுந்து போன பிறகு மீதி நாலு பத்து மணியையும் நீங்கள் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். அத்தைக்கும் நிறைவு, உங்களுக்கும் ஒரு அமைதி.

“குறைத்துச் சொன்னால் பாவமில்லையா?” என்று அவர் கேட்கலாம். இல்லை. குடும்பச் செபமாலையை மனதார வலியுறுத்தியவர்தான் திருத்தந்தை புனித ஆறாம் பவுல். 1974இல் எழுதிய அதே மடலில், செபமாலை மிகச் சிறந்த செபம், ஆனாலும் மக்கள் அதன்மேல் தாமாகவே ஈர்க்கப்பட வேண்டும், மனச் சுதந்திரத்தோடு இருக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். திருத்தந்தையே கட்டாயப்படுத்தாததை நாம் பிரம்பெடுத்துக் கட்டாயப்படுத்த வேண்டுமா?

மகன் விஷயம் கொஞ்சம் வேறு. கைபேசியைப் பிடுங்கிவிட்டு அதே கையில் செபமாலையைக் கொடுத்தால், செபமாலை அவனுக்குத் தண்டனைப் பொருளாகிவிடும். அவனிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். கருத்துச் சொல்வது அவன் பொறுப்பு என்று விடுங்கள். கணக்குப் பரீட்சைக்காக வேண்டினாலும், கிரிக்கெட் மேட்சுக்காக வேண்டினாலும் திருத்தப் போகாதீர்கள். வியாழக்கிழமைகளில் வரும் ஒளி நிறை மறையுண்மைகளை (திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002இல் சேர்த்தவை) அவனையே தொடங்கச் சொல்லலாம். கானாவூர் கல்யாணம் அதில் வருகிறது. கல்யாண வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோகிறது, மற்றவர்களுக்கு முன் ஒரு தாய் கவனிக்கிறாள், மகன் இயேசுவிடம் சொல்கிறாள். விருந்துக்குப் போய்ப் பழகிய எந்தப் பிள்ளைக்கும் அது புரியும்.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்லுங்கள். அதட்டிய அதே குரலில் ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ தொடங்கினால் பிள்ளைகள் காதில் அதட்டல்தான் நிற்கும். முடிந்ததும் பிள்ளைகள் ஸ்தோத்திரம் சொல்லி நெற்றியில் சிலுவை வாங்குகிற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் ஒரு நாளும் விடாதீர்கள். எங்கள் மாமியார் முட்டுவலிக்குத் தைலம் தேய்த்த கட்டைவிரலால்தான் சிலுவை போடுவார். என் பிள்ளைகள் செபத்துக்கு மெதுவாக வந்தாலும் அந்தச் சிலுவைக்கு முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையோடு ஞாயிறு திருப்பலிக்குப் போனால் பாதி நேரம் வராந்தாவில்தான் நிற்கிறேன். அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். போகாவிட்டால் பாவமா? – ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஞாயிறு கடமையிலிருந்து விலக்குத் தரக்கூடிய காரணம் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. அதனால் குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்றால் கலங்காமல் வீட்டில் இருங்கள். முடிகிற வாரத்தில் போங்கள். சனி மாலைப் பூசையும் ஞாயிறு கடமைக்குச் சேரும், கூட்டமும் பெரும்பாலும் குறைவு.

கோயிலில் கடைசி பெஞ்சைவிட முன் பெஞ்சு நல்லது. முதுகுகளை மட்டும் பார்க்கிற குழந்தை சீக்கிரம் அலுத்துப்போய் அழும். பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுவதையும் பீடச் சிறுவர்கள் மணி அடிப்பதையும் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, பசித்தால் அங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். திரும்பிப் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் அம்மா.

கேள்வி: தவக்கால வெள்ளிகளில் எட்டு வயது மகன் கோழிக்கறி கேட்டு அழுகிறான். கொடுக்கலாமா? நாங்கள் கடற்கரைக்காரர்கள், மீன் மட்டும் சேர்த்துக்கொள்கிறோம். அது சரியா? – ஒரு வாசகி, இடிந்தகரை

பதில்: சட்டம் முதலில். சுத்தபோசனம் (கறியைத் தவிர்ப்பது) 14 வயது நிறைந்தவர்களுக்குத்தான். ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு) 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு, திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும். உடல்நலம் இல்லாதவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தங்களை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் மகனுக்கு எட்டு வயது, அவனைச் சட்டம் கட்டாது. ஆனால் வீட்டில் யாருக்கும் கறி சமைக்காத நாளில் அவனுக்கு மட்டும் தனியாகச் சமைக்கவும் வேண்டாம். “இன்றைக்கு இயேசுவுக்காக நம் வீட்டில் கறி இல்லை கண்ணு” என்று சொல்லிவிட்டு ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள். இன்றைய சட்டப்படி முட்டைக்குத் தடை இல்லை.

மீனுக்கும் தடை இல்லை. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். கறியையே அபூர்வமாகப் பார்க்கிற ஊரில் மீன் எளிய சாப்பாடு. வலையிலிருந்து இறங்கியதும் துடிக்கத் துடிக்க வாங்கி, தேங்காய் அரைத்துவிட்டு நெய்மீன் குழம்பு வைக்கிற நம் வீடுகளில் அது விருந்து! வெள்ளியன்று கறிக்குப் பதில் நெய்மீன் என்றால் நாம் எதை விட்டோம்? கஞ்சியும் துவையலும் வைத்துப் பாருங்கள். மீனுக்கு ஒதுக்கிய காசைத் தவக்கால உண்டியலில் மகன் கையாலேயே போடச் சொல்லுங்கள். நம் பாட்டிகள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைத்து ஏழைகளுக்கென்று கோயிலுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிடியரிசியைத் தவக்காலத்தில் மட்டுமாவது திரும்பத் தொடங்கலாம். சின்னக் கைக்கு அரிசி அள்ளுவது பிடிக்கும்.

கேள்வி: என் இரண்டாவது மகளுக்கு 13 வயது. பள்ளியிலிருந்து ஓயாமல் புகார். மறைக்கல்வி வகுப்பில் எதிர்த்துப் பேசுகிறாள். இந்த வருடம் உறுதிபூசுதலுக்கு (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளம்) பெயர் கொடுக்கமாட்டேன் என்கிறாள். மற்ற இரண்டு பிள்ளைகளும் தங்கம். இவளை எப்படித் திருத்துவது? – ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு லெயோனி ஞாபகம் வந்தாள். புனித சிறுமலர் குழந்தை தெரேசாவின் அக்கா. அவர்களுடைய அம்மா செலி மார்ட்டின், பிரான்சில் அலென்சோன் ஊரில் லேஸ் பின்னி விற்கும் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகள் பெற்று நாலைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். 2015இல் கணவர் லூயியோடு சேர்த்துப் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்தப் புனிதர் வீட்டிலேதான் லெயோனி அடங்காத பிள்ளையாக இருந்தாள். படிப்பு ஏறவில்லை, பிடிவாதம் தாங்கவில்லை. சொந்தப் பெரியம்மா கன்னியராக இருந்த மடத்துப் பள்ளியே அவளை வைத்துக்கொள்ள முடியாமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. செலி தன் கடிதங்களில் இவளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

1877இல்தான் விஷயம் வெளியே வந்தது. வீட்டு வேலைக்காரப் பெண் அந்தப் பிள்ளையை இரகசியமாக மிரட்டித் தன் சொல்லுக்கு ஆட்டிவைத்திருக்கிறாள். அது தெரிந்து அம்மா அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதும் பிள்ளை மாறத் தொடங்கினாள். செலிக்கு அப்போதே மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனார். லெயோனிக்கு வயது 14. பிறகு மடத்தில் சேர்ந்து சேர்ந்து திரும்பி வந்து, கடைசியாக 1899இல் சேர்ந்தவள், 1941இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தாள். இப்போது அவளுக்கும் புனிதர் பட்டத்துக்கான முயற்சி நடக்கிறது.

அதனால் உங்கள் மகளைத் திருத்தும் வேலையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மற்ற இரண்டு பேரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கடைக்கோ மாதா கெபிக்கோ அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளியில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை, வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று மெதுவாகக் கேளுங்கள். முதல் நாள் பதில் வராது, விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். ‘உன் அக்காவைப் பார்’ என்கிற பேச்சு மட்டும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

உறுதிபூசுதல் மனதார விரும்பிப் பெற வேண்டிய அருளடையாளம். ஆயர் வருகிற தேதிக்காக அவளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பங்குத்தந்தையிடம் நீங்களே போய், “இந்த வருடம் வேண்டாம் ஃபாதர், அவளாகக் கேட்கும்போது கூட்டிவருகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். சொன்னதை அவளுக்கும் தெரியப்படுத்துங்கள்.