புகை வருகிறது, தணல் விழவில்லை: தீக்கடைகோல் பயிற்சி பற்றி

வணக்கம். காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி முகாமில் ஆசிரியர் வில்லின் கயிற்றால் கோலைச் சுழற்றிக் கடைந்தபோது ஒரு நிமிடத்துக்குள் தணல் விழுந்ததாகவும், வீட்டில் நீங்கள் கடையும்போது புகை மட்டுமே வருவதாகவும் எழுதி, அடுத்த நிலை வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில், கோல் சுழலும் அடிப்பலகைக் குழியின் ஓரத்தில் செதுக்கிய வெட்டில் சேரும் பொடியைப் பாருங்கள். அது வெளிர் பழுப்பாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கருமையாகக் குவிந்து, கடைவதை நிறுத்திய பின்னும் தானாகப் புகைந்தால் தணல் உருவாகிவிட்டது. குழி பளபளத்துக் கோல் கிறீச்சிட்டால், அந்த மெருகைச் சுரண்டிவிட்டுத் தொடருங்கள். வெட்டு, வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலத்துடன் குழியின் மையத்தை ஏறக்குறைய எட்ட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். நகம் பதியாத கட்டை இந்த வேலைக்குக் கடினமானது; நன்கு காய்ந்த ஆனைக்கற்றாழைப் பூத்தண்டு கிடைத்தால் விடாதீர்கள்.

அதன்பிறகும் தணல் விழாவிட்டால், உங்கள் கோலையும் பலகையையும் எடுத்துக்கொண்டு அதே ஆசிரியரிடம் சென்று, நீங்கள் கடைவதை அருகிலிருந்து பார்க்கும்படி கேளுங்கள். கோலின் உச்சியை அழுத்தும் மேல்பிடியைத் தாங்கும் மணிக்கட்டு, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தோடு ஒட்டி அசையாமல் நிற்கிறதா என்பதைக் காணொளி எதுவும் சொல்லாது. தேர்ந்த கண் நொடியில் சொல்லிவிடும். நீங்கள் செலுத்தும் கட்டணத்தின் உண்மையான மதிப்பு அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

பயிற்சியை வீட்டு முற்றத்திலேயே, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம்.